நாற்பதாயிரத்து இருபது வாட் நயினார்

பாறைக்குறிச்சியில் பதினெட்டு வயது முடிந்தவர்களுக்கெல்லாம் உடம்பின் மின்தடையை அளந்து, எத்தனை வாட் என்று கணக்கிட்டு, பதிவேட்டில் ஏற்றிவிடுவார்கள். பதினைந்திலிருந்து நூறு வாட் வரை வருகிறவர்கள் வெளிச்சத்துக்கு உட்காருவார்கள். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வருகிறவர்கள் சூட்டுக்கு நிற்பார்கள். அதற்கும் மேலே போனால் ஓட்டத்துக்கு. மாவு மில், தண்ணீர் மோட்டார், மரமறுக்கும் பட்டறை என்று அனுப்பிவிடுவார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் அளப்பார்கள். பெரும்பாலும் யாருக்கும் மாறாது.

அளக்கிற வேலை மாடத்தியுடையது. வயது இருபத்துமூன்று. மின்னியலில் பட்டம் வாங்கியவள். அவள் வீட்டுக்கு வந்த முதல் பட்டம் அதுதான் என்பதால், அந்தச் சான்றிதழை எங்கே வைப்பது என்று தெரியாமல் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார்கள்.

வேலை ஒன்றும் கடினமில்லை. வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர வேண்டும். இரும்புத் தகட்டின் மேல் நின்று, சுவரிலிருந்து தொங்கும் பித்தளைப் பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கம்பியில் வருவது எப்போதும் இருநூற்று முப்பது வோல்ட். அவருக்குள் எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று மீட்டர் காட்டும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் திறன். ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல். ஒரு மனிதருக்கு அவ்வளவுதான்.

ஆனால் மாடத்திக்கு அந்த அவ்வளவே பெரிய காரியம். ஒவ்வொரு எண்ணையும் தாளுக்கு மேலே காற்றில் இரண்டு தரம் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் தாளில் வைப்பாள். காரணம் உண்டு. பதிவேட்டில் நூறு பக்கம், பக்கத்துக்கு இருபது வரி. நூறு பக்கத்தையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் முடித்தால் வேலை நிரந்தரம். ஒரு வரியை அடித்தாலும் வேலை போய்விடும். எட்டு மாதத்தில் தொண்ணூற்றைந்து பக்கம் முடித்திருந்தாள்.

வேலை போவது கூடப் பரவாயில்லை. போனால் அவளையும் அளந்துவிடுவார்கள். பதினெட்டு முடிந்தபோது அவள் கல்லூரியில் இருந்தாள். படிக்கிறவர்களுக்கு ஒத்திவைப்பு உண்டு. படிப்பு முடிந்த கையோடு இந்த வேலை கிடைத்தது. அதனால் அவள் இன்னும் எத்தனை வாட் என்று யாருக்கும் தெரியாது. அவளுடைய அப்பா உலகநாதன் இருபத்தைந்து வாட். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர் அறையில் உட்காருகிறார். அம்மா இசக்கியம்மாள் பதினைந்து வாட். அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டுக்கு. படுத்திருக்கும் பெண்களிடமெல்லாம் அவள் சொல்வது ஒன்றே ஒன்று.

“எம் பொண்ணு எரியமாட்டா. எழுதுவா.”

அப்பாவும் அம்மாவும் சேர்ந்தால் நாற்பது வாட். ஆனால் இரண்டு பேரும் வெளியே போய்விடுவதால் மாடத்தியின் வீட்டில் மாலையில் வெளிச்சம் இருந்ததில்லை. ஏழு வருடம் அவள் படித்தது ஊர் வாசகசாலையில். வாசகசாலைக்கு வெளிச்சம் நயினார்.

நயினாருக்கு ஐம்பது வயது. நாற்பது வாட். முப்பத்திரண்டு வருடமாக அதே நாற்காலி. மாலை ஐந்து மணிக்கு வந்து, தகட்டில் காலை வைத்து, சுவரில் பதித்த செப்புப் பட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பார். எரிகிறவர்களால் வாசிக்க முடியாது. கண்ணுக்கு அவர்களுடைய வெளிச்சமே தெரியும். தாள் வெள்ளையாகப் போய்விடும். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்த நயினார், அதனால் முப்பத்திரண்டு வருடமாக வாசகசாலையில் ஒரு வரி வாசித்ததில்லை. எதிரில் உட்காருகிறவர்களைத்தான் கேட்பார்.

“ஏ பிள்ள, பேப்பர்ல என்ன போட்டுருக்கான்?”

மாடத்தி மழைச் செய்தியும் காலமானார் விளம்பரமும் வாசித்துச் சொல்வாள். பிறகு தன் புத்தகத்தைத் திறப்பாள். நயினார் அவள் பக்கம் மட்டும் கொஞ்சம் சாய்ந்து உட்காருவார். அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த கொடுக்கல் வாங்கல்.

அந்த நயினார், மாதக் கடைசியில், தொண்ணூற்றாறாம் பக்கம் பதினேழாவது வரிக்கு வந்தார்.

அவருக்கு முந்தின வரி இருளாயி. தேநீர்க்கடையில் பாய்லர் சூட்டுக்கு நிற்கிறவள். மீட்டர் ஆறரை காட்டியது. அலகுக் கலத்தில் மாடத்தி ‘ஆம்பியர்’ என்று புள்ளி வைத்து அழகாக எழுதினாள். அடுத்து நயினார் தகட்டில் ஏறினார். வெளிச்சத்து ஆட்களுக்கு மீட்டரின் திருகை மில்லி ஆம்பியருக்கு, ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, திருப்ப வேண்டும். திருப்பினாள். முள் நூற்று எழுபத்து நான்கில் நின்றது.

“போன தடவையும் நாப்பது, அதுக்கு முந்தின தடவையும் நாப்பது,” என்றார் நயினார். “இந்தத் தடவையாவது கூடப் போடு பிள்ள. பேச்சியம்மா அறுபது வாட்டு. நான் நாப்பது. வீட்டுல எம் பேச்சு எடுபடவே மாட்டங்கு.”

மாடத்தி சிரித்துவிட்டாள். அலுவலகத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தரம். சிரித்துக்கொண்டே நூற்று எழுபத்து நான்கு என்று எழுதினாள். அலகுக் கலத்தில், எல்லா அலுவலகத்திலும் எல்லோரும் செய்கிற மாதிரி, மேலே உள்ளதே இங்கேயும் என்பதற்கு மேற்படிக் குறி போட்டாள். இரண்டு சின்னக் கோடு.

சாயங்காலம் மொத்தமாகக் கணக்குப் போட்டாள். பதினேழாவது வரி: இருநூற்று முப்பது வோல்ட், நூற்று எழுபத்து நான்கு ஆம்பியர். வகுத்தால் ஒன்று புள்ளி மூன்று இரண்டு ஓம். பெருக்கினால் நாற்பதாயிரத்து இருபது வாட். மூன்று தரம் பெருக்கிப் பார்த்தாள். மூன்று தரமும் அதேதான் வந்தது. மனம் நிறைந்து பதிவேட்டை மூடினாள். உதவிப் பொறியாளர் ஞானசிகாமணி பனங்கிழங்குக்கு நார் உரித்தபடியே வாங்கிக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார்.

மறுநாள் ஒன்றாம் தேதி. மாலை வாசகசாலைக்குப் போனபோது நயினாரின் நாற்காலி காலியாக இருந்தது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: ‘நயினார், நாற்பதாயிரத்து இருபது வாட், மாவு மில்லுக்கு மாற்றப்பட்டுள்ளார்.’ உள்ளே ஆறு பேர் இருட்டில் வழக்கம் போலப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாடத்தி ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்துவிட்டு, காலையில் முதல் ஆளாக அலுவலகம் போய்ப் பதிவேட்டைத் திறந்தாள். தொண்ணூற்றாறாம் பக்கம். பதினேழாவது வரி. இரண்டு சின்னக் கோடு. எறும்பாக இருக்கலாம் என்று விரலால் தட்டிப் பார்த்தாள். போகவில்லை.

மூன்றாம் தேதி மதியம், சாப்பாட்டு நேரத்தில் மில்லுக்குப் போனாள்.

மில் ஓடிக்கொண்டிருந்தது. முன்பு அதை ஓட்ட ஆளுக்கு இரண்டாயிரத்தைந்நூறு வாட் வீதம் பதினாறு பேர் இருந்தார்கள். இப்போது அந்தப் பதினாறு பேரும் வேப்பமரத்தடியில் ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நயினார் ஒருவர்தான், கட்டைவிரல் கனத்துக்கு ஒரு செப்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பட்டைகள் சுழன்றன. மாவு கொட்டியது. மில்லுக்கு நாற்பதாயிரம் வாட் போதும். மீதி இருபது வாட்டில் முதலாளியின் மேசை மேல் லேசாக ஒரு வெளிச்சம் இருந்தது.

நயினாரின் சட்டையில் பித்தான் இல்லை. முதல் நாளே உருகிவிட்டது. ஊக்கு குத்தியிருந்தார். தலையிலிருந்து ஆவி போனது. அவருடைய மனைவி பேச்சியம்மாள் குடத்தோடு நின்று அவர் காலடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றின தண்ணீர் தரையைத் தொடும்முன் சத்தம் போட்டது.

“வா தாயி,” என்றாள் பேச்சியம்மாள். “நீ எழுதின எழுத்து எப்படி ஓடுது பாத்தியா.”

“அவளச் சொல்லாத,” என்று மில் சத்தத்துக்கு மேலே நயினார் கத்தினார். “கூடப் போடுன்னு நான்தான கேட்டேன். போட்டுட்டா.”

“கேட்டா ஒரு அறுபத்தஞ்சு கேக்கணும். என்னய விட அஞ்சு வாட்டு கூட. குடும்பத்துக்குத் தக்கன கேக்கத் தெரியுதா இந்த மனுஷனுக்கு? வீட்டுல கயித்துக் கட்டில் கருகிட்டு. கோழியெல்லாம் அவரச் சுத்தித்தான் அடையுது.”

“ஒறங்குறீங்களா மாமா?” என்று மாடத்தி கேட்டாள்.

“எங்கத்த ஒறங்க. கண்ண மூடினா உள்ள வெளிச்சமா இருக்கு.”

சுவரில் கரியால் எண்கள் எழுதியிருந்தன. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தாறு, ஐம்பத்துநான்கு. மில் தராசில் தினமும் காலையில் நயினாரை நிறுத்து எழுதுகிறார்கள்.

“ஒரு நாளைக்கு ரெண்டு கிலோ போகுது,” என்றார் நயினார். “ஒண்ணாந்தேதி காலையில ஐம்பத்தெட்டு. அப்படின்னா இருபத்தொம்பதாந்தேதி சாயங்காலத்தோட நான் தீந்து போயிருவேன். முப்பதாந்தேதிக்கு வேற ஆளப் பாத்துக்கிடுங்கன்னு மொதலாளிட்ட சொல்லிட்டேன். கணக்கு சரியான்னு நீ ஒருக்கப் பாரு பிள்ள.”

மாடத்தி உள்ளங்கையில் விரலால் போட்டுப் பார்த்தாள். ஐம்பத்தெட்டை இரண்டால் வகுத்தாள்.

“சரிதான் மாமா,” என்றாள்.

வேறொன்று சொல்லத்தான் வந்திருந்தாள். சொல்லாமல் திரும்பிவிட்டாள்.

அதன்பின் அவள் தன் வேலையைப் பார்த்தாள். தொண்ணூற்றேழாம் பக்கம் முடிந்தது. தொண்ணூற்றெட்டு முடிந்தது. அலகுக் கலத்தில் இப்போது எந்த வரியிலும் மேற்படி போடுவதில்லை, முழுதாக எழுதினாள். காலையில் பதிவேட்டைத் திறக்கும்போதே, இன்றைக்கு நாற்பத்தெட்டு, இன்றைக்கு நாற்பத்தாறு என்று கேட்காமலே மனது எழுதிக்கொண்டது. சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“காய்ச்சல் இல்ல. நிரந்தரம் ஆகப்போறம்லா, அந்தப் பயம்,” என்றாள் இசக்கியம்மாள். “எனக்கும் மொத நா வார்டுல உக்காந்தப்ப இப்படித்தான். எல்லாரும் நம்மளயே பாக்குற மாதிரி இருக்கும். பாக்கத்தான செய்வாங்க, நாமதான வெளிச்சம்.”

“நான் தப்புப் பண்ணிட்டா என்னம்மா செய்வாங்க?”

“நீ பண்ணமாட்ட.”



பன்னிரண்டாம் தேதி. நயினார் முப்பத்தாறு கிலோ. நூறாம் பக்கத்தில் பத்தொன்பது வரி முடிந்து, கடைசியில் ஒரே ஒரு வரி பாக்கி. ஊரில் அளக்க இன்னொரு ஆள் கிடைத்தால் அவள் நிரந்தரம். பிற்பகலில் யாரும் வரவில்லை. மாடத்தி பேனாவை மூடினாள். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஞானசிகாமணியின் மேசை முன் போய் நின்றாள்.

“சார், ஒரு வரி தப்பா இருக்கு.”

“எந்த வரி?”

“தொண்ணூத்தாறாம் பக்கம், பதினேழு. மில்லி ஆம்பியர்னு எழுதணும். மேற்படி போட்டுட்டேன்.”

அவர் பனங்கிழங்கைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

“பெருக்கல் சரியா?”

“சரி சார். மூணு தரம் பாத்தேன்.”

“வகுத்தல்?”

“அதுவும் சரி சார்.”

“அப்புறம் என்ன?”

“ஆளுக்குத்தான் சார் பொருந்தல.”

ஞானசிகாமணி பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார்.

“அடிச்சா வேலை போயிரும். தெரியும்லா?”

“தெரியும் சார். அடிச்சிருதேன்.”

“பொறும்மா. ஒரு வரிய அடிச்சா நூறு பக்கமும் செல்லாது. ரெண்டாயிரம் பேரையும் திரும்ப அளக்கணும். உனக்கு எட்டு மாசம் ஆச்சு. வேற ஆளுக்கு எட்டோ பத்தோ. புதுப் பதிவேடு வார வரைக்கும் இதுதான் செல்லும். நயினாருக்கு எத்தன நாள் இருக்கு?”

“இன்னையும் சேத்துப் பதினெட்டு சார்.”

“அப்ப நீ அடிக்கிறதுல அவருக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. உனக்குத்தான் ஆகும்.”

மாடத்தி அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. கண் கலங்கியது, பதிவேட்டில் விழக் கூடாது என்று இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

“பதினோராம் கலம் எதுக்கு இருக்கு?” என்று கேட்டார் ஞானசிகாமணி.

நூறு பக்கத்திலும் பதினோராம் கலம் காலியாகவே இருந்தது. மேலே ‘குறிப்பு’ என்று போட்டிருக்கும். யாரும் எதுவும் எழுதியதில்லை.

“தடையத் திருத்த முடியாது. ஆனா சேக்கலாம். ஒரு ஆளோட இன்னொரு ஆளக் கையக் கோத்துத் தொடரா விட்டா ரெண்டு பேர் தடையும் கூடிரும், வாட்டு எறங்கிரும். காலேஜ்ல சொல்லித் தந்திருப்பாங்களே.”

“சொல்லித் தந்தாங்க சார்.”

“அவருக்கு நெசமா என்ன இருக்கணும்?”

“ஆயிரத்து முந்நூத்து இருபத்தொண்ணு புள்ளி எட்டு நாலு.”

“பதிவுல?”

“ஒண்ணு புள்ளி மூணு ரெண்டு.”

“கழிச்சுக்கோ. ஆயிரத்து முந்நூத்து இருபதரை வருதா? அந்தத் தடையில ஒரு ஆளத் தேடு. ஆனா எரியிற வேலையில இருக்குற யாரையும் எடுக்க முடியாது. ஒரு ஆளுக்கு ரெண்டு எடம் கிடையாது.”

மாடத்தி முதல் பக்கத்திலிருந்து தேடினாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்தத் தடைக்குக் கிட்டத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். ஒருவர் தபால் நிலையத்தில் உட்காருகிறார். ஒருத்தி தெப்பக்குளத்துப் படியில். இரண்டு பேர் கல்யாண மண்டபத்தில், வாசலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பதினோரு பேருக்கும் இடம் இருந்தது. பதிவேட்டின் பின்னட்டைக்கு முன்னால் ‘ஒத்திவைப்பு’ என்று, பழைய பதிவேட்டிலிருந்து எடுத்துத் தைத்த ஒரு தாள் உண்டு. அதில் ஒரே ஒரு பெயர், அவளுக்கு முன் இருந்தவரின் கையெழுத்தில்: ‘மாடத்தி, த/பெ உலகநாதன். படிப்பு.’

ஞானசிகாமணி மூன்றாவது கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. தாளைப் புரட்டிவிட்டால் போதும். மாடத்தி புரட்டினாள். அட்டை வந்தது. அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடியும் தாளுக்கே வந்தாள்.

“சார், ஒரு ஆள் இருக்கு.”

“யாரு?”

அவள் போய்த் தகட்டின் மேல் ஏறி, பித்தளைப் பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

ஞானசிகாமணி கையைத் துடைத்துவிட்டு எழுந்து வந்தார். திருகை மில்லிக்குத் திருப்பினார். முள் அசையவில்லை. தட்டிப் பார்த்தார். பூஜ்யம்.

“பூஜ்யத்தால வகுக்க முடியாதேம்மா,” என்றார்.

மாடத்தியும் எட்டி முள்ளைப் பார்த்தாள். தன்னிடம் ஒன்றுமே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். நெடுநாளாக அவளுக்கு அந்தச் சந்தேகம் உண்டு.

ஞானசிகாமணி குனிந்து பார்த்தார்.

“செருப்பக் கழட்டு.”

எட்டு மாதத்தில் இரண்டாயிரத்துக்கு ஒன்று குறைவான பேரிடம் அவள் சொன்ன வார்த்தை அது. கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்து மறுபடியும் ஏறினாள். மூக்கு லேசாக அரித்தது. முள் நூற்று எழுபத்து நான்கைத் தாண்டி ஒரு மயிரிழை தள்ளி நின்றது.

“நூத்து எழுபத்தி நாலு புள்ளி ரெண்டு,” என்றார் ஞானசிகாமணி. “எழுதிக்கோ.”

நூறாம் பக்கத்தின் கடைசி வரியில் அவள் தன் பெயரை எழுதினாள். மின்னழுத்தம், இருநூற்று முப்பது வோல்ட். மின்னோட்டம், நூற்று எழுபத்து நான்கு புள்ளி இரண்டு. அலகு என்ற இடத்தில் ‘மில்லி ஆம்பியர்’ என்று முழுதாக எழுதி, ஆயிரத்தால் வகுத்து, பிறகு கணக்குப் போட்டாள். தடை, ஆயிரத்து முந்நூற்று இருபது புள்ளி மூன்று இரண்டு ஓம். திறன், நாற்பது புள்ளி பூஜ்யம் ஏழு வாட். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. அப்புறம் தொண்ணூற்றாறாம் பக்கத்துக்குப் போய், பதினேழாவது வரியின் பதினோராம் கலத்தில் ‘மாடத்தியுடன் தொடர்’ என்று எழுதினாள்.

“நூறு முடிஞ்சிட்டு,” என்றார் ஞானசிகாமணி. “நீ நிரந்தரம். ஆபீஸ் அஞ்சு மணிக்கு முடியுது, வாசகசாலை அஞ்சு மணிக்குத் தொறக்குது. ரெண்டும் இடிக்கல.” முத்திரையை எடுத்தவர், கையைக் காற்றில் நிறுத்தினார். “ஆனா நீ எழுதப்போற இளநிலைப் பொறியாளர் பரிச்சைக்கு வாசகசாலையிலதான படிக்கிற. அங்கயே எரிஞ்சா பரிச்சை எழுத முடியுமா?”

“எழுதலாம் சார். வாசிக்கத்தான் முடியாது.”

அவர் முத்திரையை வைத்தார்.

திறன் இரண்டு பேருக்கும் எப்படிப் பிரியும் என்பதையும் அவள் அங்கேயே நின்று கணக்கிட்டாள். தொடரில் ஒரே மின்னோட்டம்தான் இரண்டு பேருக்குள்ளும் போகும். யாருக்குத் தடை அதிகமோ அவர் மேல்தான் பாரம் இறங்கும். மொத்தம் நாற்பது புள்ளி பூஜ்யம் மூன்று வாட். அதில் நயினாருக்கு பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு. மீதி முப்பத்தொன்பது புள்ளி ஒன்பது ஒன்பது அவளுக்கு. தாளைத் திருப்பிச் சரிபார்த்தாள். சரியாக இருந்தது.

பதிமூன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்கு நயினார் வாசகசாலைக்கு வந்தார். மில்லில் அந்தப் பதினாறு பேரும் ஆட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்து மறுபடியும் வேலைக்குப் போயிருந்தார்கள். நயினார் முப்பத்துநான்கு கிலோ இருந்தார். பேச்சியம்மாள் அவரை இடுப்பில் தூக்கி வந்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

“இனி மரியாதையா எடை போடணும்,” என்று அவரிடம் சொன்னாள்.  போகும்போது மாடத்தியின் பின்னலில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

நயினார் காலைத் தகட்டில் படாமல் மர முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டார். இடது கையால் செப்புப் பட்டையைப் பிடித்தார். வலது கையை நீட்டினார். மாடத்தி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பு இல்லை என்பதை மறுபடியும் ஒரு முறை பார்த்துக்கொண்டு, வெறுங்காலைத் தகட்டில் வைத்தாள்.

“கை ஜில்லுன்னு இருக்கே பிள்ள.”

“பயம் மாமா.”

“எரியதுக்கு என்ன பயம். முதுகு நேரா வச்சிக்கோ. இல்லன்னா மூலையில உக்காந்திருக்கவனுக்கு நெழல் விழும்.”

அவள் முதுகை நேராக வைத்து அவர் கையைப் பிடித்தாள். வாசகசாலையில் வெளிச்சம் வந்தது. பன்னிரண்டு நாளாக இருட்டில் புரட்டிக்கொண்டிருந்த ஆறு பேரும் பக்கத்தைச் சரிபார்த்துவிட்டு, கொஞ்சம் பின்னால் போய், விட்ட இடத்திலிருந்து வாசித்தார்கள். மாடத்தியின் மடியில் பரீட்சைப் புத்தகம் திறந்திருந்தது. எழுத்துகள் முதலில் மங்கின. பிறகு ஓரம் மங்கியது. பிறகு தாள் வெள்ளையாக இருந்தது. அவள் அதை மூடிவைத்தாள்.

நயினார் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். மூன்று நாள் மாலையும் தூங்கினார். கையை மட்டும் விடவில்லை.

நான்காம் நாள், வார்டுக்குப் போகிற வழியில் இசக்கியம்மாள் வந்தாள். இத்தனை நாள் அவள் அந்தத் தெருப் பக்கமே வராமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

“எத்தன?”

“முப்பத்தொம்பது புள்ளி ஒம்பது ஒம்பதும்மா.”

இசக்கியம்மாள் யோசித்தாள். வீட்டில் அவ்வளவு பெரிய எண் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

“நாப்பதுன்னே சொல்லிக்கிடுதேன்,” என்றாள்.

“இல்லம்மா. உள்ளதச் சொல்லு.”

“சரி. புள்ளியோடயே சொல்லுதேன்.” புடவைத் தலைப்பால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள். துடைத்த இடம் இன்னும் கொஞ்சம் நன்றாகத் தெரிந்தது. மூலையில் இருந்தவர் நன்றி சொன்னார். இசக்கியம்மாள் வார்டுக்குப் போனாள்.

அவள் போன சத்தத்தில் நயினார் விழித்துக்கொண்டார். மேசை மேல் செய்தித்தாள் கிடந்தது. அதைப் பார்த்தார். மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு வாட்டில் அவருடைய கண் கூசவில்லை. தாளில் எழுத்து இருந்தது.

“பேப்பர்ல என்ன போட்டுருக்கான் மாமா?” என்று மாடத்தி கேட்டாள்.

நயினார் விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். மழைச் செய்தி வாசித்தார். மழை இல்லை என்று போட்டிருந்தது. காலமானார் விளம்பரம் ஐந்தும் வாசித்தார். பக்கத்தைத் திருப்பினார். கீழ் ஓரத்தில் கட்டம் கட்டிய ஒரு விளம்பரத்தில் விரல் நின்றது.

“தே… வை. தேவை. கீழ வட்டத்துக்கு நிலா ஒண்ணு தேவை. காலியிடம் ஒன்று. ஒப்பந்த அடிப்படை. பட்டதாரிகளுக்கு முன்னுரிமை.” மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். “தடை எவ்வளவு இருப்பினும் விண்ணப்பிக்கலாம். சுயமாக எரியத் தேவையில்லை.”

மாடத்தி முதுகை நேராக வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கடைசித் தேதி போட்டுருக்கா?”

“வரும் அமாவாசை, மாலை ஐந்து மணிக்குள்.”

“பட்டச் சான்றிதழுக்குச் சான்றொப்பம் கேட்டுருக்கானா, கீழ பாருங்க மாமா. எழுத்து சின்னதா இருக்கும்.”

நயினார் தாளை அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, கடைசி வரியைத் தேடினார்.